அமைதியான ஊரில் கேட்காமல் போன ஒலிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டறை வேலையை நம்பி வாழும் சிற்றூர்களைப் பற்றி எழுதுபவர்கள் அங்குள்ள அமைதியைத் தவறாமல் பாராட்டுகிறார்கள். காலை ஷிப்டுக்கு ஆட்கள் கிளம்பிவிட்டால் தெருவில் சைக்கிள் மணிகூடக் கேட்காது என்பது உண்மைதான். ஆனால் அப்படியோர் ஊரிலிருந்து 31 ஆண்டுகள் லேத் (உலோகத்தைக் கடையும் எந்திரம்) வேலைக்குப் போய்வந்த எனக்கு, அந்த அமைதியில் எவ்வளவு ஊருடையது, எவ்வளவு என் காதுடையது என்று இன்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எந்திர இரைச்சல் காதை ஒரே நாளில் அடைப்பதில்லை. உட்செவியிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அழிகின்றன. அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகளே முதலில் மறைவதால், எதிரே இருப்பவர் பேசுவது கேட்கும், ஆனால் சொல் விளங்காது. வீட்டார் அதைக் கவனக்குறைவு என்று எண்ணி வருந்துவார்கள். சென்ற மாதம் என் பேத்தி காதோடு வாய் வைத்து ஏதோ ரகசியம் சொன்னாள். அவள் மூச்சின் சூடு தெரிந்தது, சொன்னது தெரியவில்லை.

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் ஒலியளவு என்பது வல்லுநர்கள் பரவலாக ஏற்கும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாவதால், 88 டெசிபலில் நான்கு மணி நேரமும் 91 டெசிபலில் இரண்டு மணி நேரமுமே தாங்கத்தக்கவை. ஒலியை அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கும் வழியுண்டு: கை நீட்டும் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடம் பெரும்பாலும் வரம்பைக் கடந்துவிட்டது.

காதடைப்பான் கொடுத்தாலும் போடமாட்டார்கள் என்று முதலாளிகள் குறைப்படுவதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. உலோகத்தை வெட்டும் டூலின் முனை மழுங்கியதை அனுபவமுள்ள டர்னர் (லேத் இயக்குபவர்) கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஓசையால் அறிவார்; காதை அடைத்தால் எந்திரத்தின் பேச்சு கேட்காதே என்று நானும் பல ஆண்டுகள் மறுத்தேன். பஞ்சைத் திணித்துக்கொண்டதும் உண்டு. அதனால் பயன் மிகக் குறைவு என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. நுரை அடைப்பானை விரலிடையே மெல்லிதாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடப் பாடம்தான். என் காலம் முழுவதிலும் அதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

தேய்ந்த பேரிங்கை உடனே மாற்றுவதும், இரைச்சல் மிகுந்த எந்திரத்தைத் தடுப்புக்குள் தனியே வைப்பதும் அடைப்பானைவிட முதன்மையானவை. அவை முதலாளியின் பொறுப்பு. வேலையில் சேரும்போது ஒருமுறையும் பின்னர் ஆண்டுதோறும் ஒருமுறையும் செவிச் சோதனை நடக்க வேண்டும். முதல் சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது இரைச்சலிலிருந்து விலகியிருந்தால்தான் அளவு சரியாகத் தெரியும் என்பதால், அதை ஷிப்டு முடிந்த கையோடு வைக்காமல் விடுமுறைக்கு மறுநாள் காலையில், எந்திரம் ஓடுமுன் வைப்பது நல்லது.

லேத்தில் இப்போதுதான் கை வைக்கும் இளைஞர்கள் படிக்கும்படி, இவற்றைப் படங்களோடு தங்கள் நாளிதழில் விளக்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி