கோரியாவில் 337 பேர்

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. கிணற்று விவகாரத்தைப் பெரியப்பா மறுபடியும் கிளப்பியிருக்கிறார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கரூரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அங்கே சித்திரையிலும் குளிர்தான் என்பாயே, சாக்ஸ் போட்டுக்கொள். வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொள்.

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பும் கட்டைவிரலைப் பார்த்து நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறோம். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன், அம்மா முறுக்குப் பார்சல் போடும்போது உள்ளே வைத்துவிடுவேன்.

நாங்கள் இங்கிலாந்து வந்திருந்தபோது விண்டோலாண்டாவுக்குக் கூட்டிப்போனாயே, அங்கே வாங்கிய புத்தகத்தை இப்போதுதான் பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். அன்றைக்கு மழையில் எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இடிந்த அஸ்திவாரத்தைப் பார்க்கவா நியூகாசிலிலிருந்து இவ்வளவு தூரம் காரில் வந்தோம் என்று நினைத்தேன். நீ குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே பேசினாய். கி.பி. 122இல் ரோமப் பேரரசன் ஆட்ரியன் சுவர் கட்டத் தொடங்குவதற்கு முன்பே அங்கே ரோமக் கோட்டை இருந்தது என்றாய். ஈரச் சேற்றுக்குள் காற்றுப் போகாததால் மரமும் தோலும் மக்காமல் கிடந்தன என்றாய். 1973இல் அங்கே தோண்டிய ஆய்வாளர் ராபின் பிர்லி இரண்டு மரச்சீவல்கள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மசியில் எழுத்து இருந்ததாம், அதைச் சொல்லும்போது உன் கை அந்தச் சீவலைப் பிரிக்கிற மாதிரியே போனது. உன் அம்மா தோல் செருப்பு அடுக்கியிருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்றவள் நகரவே இல்லை. தளபதி வீட்டுக் குழந்தையின் செருப்பு, என் உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. "நடை பழகுகிற பிள்ளையை இந்தக் குளிருக்கா கொண்டுவந்தார்கள்" என்று கேட்டாள், நினைவிருக்கிறதா?

சாக்ஸ் என்றதும் சிரித்திருப்பாய். அந்தச் சீவல்களில் இருந்த எழுத்தைப் பற்றிய புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. சாக்ஸ் சில ஜோடி, செருப்பு இரண்டு ஜோடி, உள்ளாடை இரண்டு அனுப்பியிருக்கிறேன் என்று யாரோ கோட்டையில் இருந்தவனுக்கு எழுதியிருக்கிறார்கள். பேர் இருந்த பக்கம் ஒடிந்துவிட்டது, சாக்ஸ் மட்டும் நிற்கிறது.

பட்டறையில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவனுக்கு வேறு எது பிடிக்கும்? அந்தக் கோட்டையில் இருந்த துங்க்ரியர் என்ற ரோமப் படையின் ஆள்கணக்கு ஒன்று இருக்கிறது, மே 18 தேதியிட்டது. மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் கோட்டையில் இல்லை. எழுதியவன் அத்தோடு விடவில்லை. கோரியா என்ற பக்கத்து ரோம ஊரில் 337 பேர், ஆளுநரின் காவலுக்கு 46 பேர் என்று இடம் இடமாகப் பிரித்துப் போட்டிருக்கிறான். கோட்டையில் இருக்கும் 296 பேரில் நோயாளி 15, காயம்பட்டவர் 6, கண்நோய் 10. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேனோ. ஒருவன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் குற்றம் ஒன்றுமில்லை கண்ணு. எங்கே இருக்கிறான் என்று ஒரு வரி இருந்தால் போதும்.

சரி. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடாதே.

அதே புத்தகத்தில் கிராவ்த்தியுஸ் என்று ஒரு சிப்பாய், தன் பழைய பந்தித் தோழன் வெல்தெயுஸுக்கு எழுதுகிறான். இத்தனை நாளாக எனக்குப் பதிலே எழுதவில்லையே, ஆச்சரியமாக இருக்கிறது என்று தொடங்குகிறான். நேராகச் சண்டைக்குப் போகப்போகிறான் என்று பார்த்தால், ஊர்ப் பெரியவர்கள் சேதி ஏதாவது உண்டா என்கிறான், கால்நடை வைத்தியர் விலைக்குத் தருவதாகச் சொன்ன கத்தரிக்கோல் என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறான். கத்தரிக்காகவா எழுதினான்? எனக்குத் தெரியும், நானும் இரண்டு பக்கமாகக் கத்தரியைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கடிதம், இணையத்தில் தேடியபோது கிடைத்தது. ரோம ஆட்சியில் இருந்த எகிப்து, இரண்டாம் நூற்றாண்டு. அந்தோனியுஸ் லாங்கஸ் என்ற பையன் அம்மாவுக்குப் பப்பைரஸில் எழுதுகிறான். கந்தலோடு திரிகிறேன், அதனால்தான் நம் ஊர் கரானிஸுக்கு வர வெட்கப்பட்டேன், தப்புச் செய்துவிட்டேன், என்னோடு சமாதானமாகிவிடு அம்மா என்று கெஞ்சுகிறான். போஸ்துமஸ் என்கிற ஆள் அவளைப் பார்த்து எல்லாவற்றையும் நேரங்காலம் இல்லாமல் போட்டு உடைத்துவிட்டான் என்று அவனுக்கு ஆத்திரம் வேறு.

நம் தெருவிலும் ஒரு போஸ்துமஸ் இருக்கிறார். பசுபதீஸ்வரர் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். அவர் மகன் உன் ஆபீஸ்தானே. "தம்பி இப்பவெல்லாம் வர்றதே இல்லையாமே, எங்கேயோ மண்ணைத் தோண்டிக்கிட்டு இருக்கானாமே?" என்றார். லீவில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. இந்த வீட்டுக் கடனை அடைத்தவன் நீ, தங்கச்சி கல்யாணத்தை நிமிர்ந்து நின்று நடத்தியவன் நீ, உன்னைக் கேள்வி கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் அடுத்தவர் வாயால் கேட்க வேண்டியிருந்ததே, அது உறுத்துகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உறுத்தல் என்று எழுதியபின் இதை மறைத்தால் நன்றாக இருக்காது. முதல் வருஷம் ஹாஸ்டலிலிருந்து நீ ஒரு இன்லேண்ட் போட்டாய். இன்ஜினியரிங் பிடிக்கவில்லை, வரலாறு படிக்கிறேன், 15ஆம் தேதிக்குள் ஃபாரம் போட வேண்டும், உங்கள் பதிலைப் பார்த்துப் போடுகிறேன் என்று. அந்தக் கடிதம் வரவே இல்லை என்று உன்னிடம் சொன்னேன். வந்தது. 9ஆம் தேதியே வந்துவிட்டது. பட்டறை முகவரிக்குப் போட்டிருந்தாய், அம்மா கண்ணில் படாமல் பேரேட்டுக்குள் வைத்தேன். 15 தாண்டட்டும் என்று தினமும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ போஸ்ட் ஆபீசையே திட்டினாய், நானும் சேர்ந்து திட்டினேன். அதற்கு முன்னால், உனக்குப் பத்து வயதில், அமராவதி மணலில் ரோமக் காசு தேடப்போய் நனைந்த டவுசரோடு வந்தபோது அடித்தேனே, அதை நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். அகஸ்டஸ், திபேரியஸ் காசெல்லாம் கிடைத்த ஆறுதான் அது, பையன் ஒன்றும் பைத்தியக்காரத்தனமாகப் போகவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. இன்லேண்ட் விஷயம் அப்படி இல்லை. தெரிந்தே செய்தேன்.

கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பார்சலில் வைக்கலாமா என்று எடுத்தேன், மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஒட்டிவிட்டு வைக்கிறேன்.

கோடையில் அங்கே ஊர் ஊராக ஆட்கள் வந்து சம்பளம் இல்லாமல் தோண்டுவார்கள் என்று அன்றைக்கு நீதான் காட்டினாய், முழங்கால் வரை சேறு. ஈரத்தில் நின்றால் உனக்குச் சளி பிடிக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கனமான சாக்ஸ் ஆறு ஜோடி வாங்கியிருக்கிறேன். ரப்பர் பூட்ஸும் பார்த்து வைத்திருக்கிறேன், உன் அளவு 9ஆ 10ஆ என்று அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. அதை மட்டுமாவது எழுது.

அப்பா