ஸ்கோப்பிங் ரிவ்யூவில் 'நிரூபணம்' எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் 'காபி கல்லீரலைக் காக்கும்: ஆய்வில் நிரூபணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். ஏற்காட்டுக் காபிக்கொட்டையை வறுத்து அரைத்துக் குடிக்கிற வீடு எங்களுடையது, ஆசையாகத்தான் படித்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வரி, 'இது ஒரு ஸ்கோப்பிங் ரிவ்யூ'. அப்புறம் நிரூபணம் எங்கிருந்து வந்தது?

சேலத்தில் ஆய்வேடு தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, இந்த ரிவ்யூக்களை அடித்துக் கொடுத்தே கொஞ்சம் தெரிந்துகொண்டவன். ஒரு விஷயத்தை இதுவரை யார், எங்கே, எந்த முறையில் ஆராய்ந்தார்கள், எதை யாரும் தொடவே இல்லை என்று தேடி அடுக்கிக் காட்டுவதுதான் ஸ்கோப்பிங் ரிவ்யூ. 2005-இல் ஆர்க்ஸி, ஓ'மாலி என்ற இருவர் இதற்கு வழிமுறை எழுதினார்கள். சேர்த்த ஆய்வுகள் தேறுமா தேறாதா என்று எடைபோடுவது இதில் கட்டாயம் இல்லை.

நம்மூர்க் கொலுசுப் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறைத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி என்னென்ன ஆராய்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால் அது ஸ்கோப்பிங். முகக்கவசம் போட்டால் இருமல் குறைகிறதா என்று ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டுரைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் தரத்தையும் சோதித்துப் பதில் சொன்னால் அது சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. அதிலுள்ள எண்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் மெட்டா அனாலிசிஸ்.

ஸ்கோப்பிங் லேசான வேலை என்று சொல்லவரவில்லை. போன மாதம் ஒரு நர்சிங் மாணவியின் ஸ்கோப்பிங் ரிவ்யூவுக்கான கட்டப்படத்தை அடித்துக்கொண்டிருந்தேன். மேல் கட்டத்தில் தேடிக் கிடைத்த கட்டுரைகள், அதில் இரட்டிப்பைக் கழித்தவை, தலைப்பைப் பார்த்தே தள்ளியவை, முழுசாகப் படித்தவை, கடைசியில் மிஞ்சியவை என்று வரிசையாக இறங்கும். கழித்துப் பார்த்தால் 10 கட்டுரை குறைகிறது. போன் போட்டுச் சொன்னேன், பாவம் அந்தப் பிள்ளை இரண்டு நாள் தேடிவிட்டுத்தான் திரும்ப வந்தது.

காபிக்கே வருவோம். 2017-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு அம்பரெல்லா ரிவ்யூ, அதாவது மெட்டா அனாலிசிஸ்களையே திரட்டிப் பார்க்கும் ரிவ்யூ, வந்தது. கவனிப்பு ஆய்வுகளின், அதாவது சோதனை எதுவும் வைக்காமல் மக்களைக் கவனித்து மட்டும் பார்த்த ஆய்வுகளின், மெட்டா அனாலிசிஸ்கள் மட்டும் 201. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கப் குடிப்பவர்களுக்குப் பல நோய்கள் குறைவாக இருந்ததாம், கல்லீரல் நோயும் அதில் உண்டு, கர்ப்பிணிகளுக்கும் எலும்பு முறிவு அபாயம் உள்ள பெண்களுக்கும் எச்சரிக்கை. அத்தனை திரட்டியவர்களே, இதில் பெரும்பாலும் மக்களைக் கவனித்துப் பார்த்த ஆய்வுகள்தான், காபிதான் காரணமா என்று சோதனை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அடக்கமாக எழுதினார்கள். உங்கள் செய்தியாளருக்கு ஏன் இத்தனை அவசரம்?

எந்த வகை ரிவ்யூ என்பதை இனிமேல் தலைப்புக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் அந்தச் செய்தியை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டு ஆறாவது காபிக்குச் சொல்லி அனுப்புகிறார்.

இப்படிக்கு,
ஆய்வேடு தட்டச்சு செய்யும் வாசகர், சேலம்