இலை உதிரும் மாதத்தில் பிறந்தவளுக்கு

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் நலமா? தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் நடுவில் சின்னவள் வந்து பிடுங்கிக்கொள்கிறாள். பிறகு அவள் பல்லு விழுந்த கதை, பள்ளிக்கூடத்துக் கதை என்று நேரம் போய்விடுகிறது. நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் பார்சலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். வேலை முடிந்து வந்து ஆற அமரப் படி.

போன வாரம் நீ கூப்பிட்டபோது கிளாஸ்கோவில் இரவு 8 மணி, இங்கே விடியற்காலை 4. "தூங்கிக்கிட்டு இருந்தீங்களாம்மா?" என்று கேட்டாய். விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய்ப் பழகின உடம்பு கண்ணு, நாலு மணிக்கு மேல் படுக்கையில் கிடக்காது. அடுப்பில் கோப்பி கொதித்துக்கொண்டிருந்தது. பேச்சோடு பேச்சாக நீ ஒன்று சொன்னாய். "பிப்ரவரியிலே பிறந்தநாள் வந்தாலே பிடிக்கலைம்மா. ஒரே இருட்டு, ஈரம். சின்ன வயசிலேயும் என் பிறந்தநாள் மட்டும்தான் நம்ம வீட்டிலே சின்னதா போகும். தம்பிக்கு எவ்வளவு செய்வீங்க!"

நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குத்தான் அன்றைக்குக் காலைப் பசியாறல் இறங்கவில்லை.

நீ சொன்னது உண்மை. தம்பிக்கு நிறைய செய்தோம், உனக்குக் குறைவாகத்தான் செய்தோம். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று பார்த்துச் செய்ததில்லை. அவன் பிறந்தது செப்டம்பரில், நீ பிறந்தது பிப்ரவரியில். அவ்வளவுதான் காரணம். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். நீ எட்டு வயதிலேயே தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டாய், உனக்கு நினைவு இருக்காது.

நம் ஊரிலும் ஒரு குளிர்காலம் இருந்தது. தோட்டத்துக் கணக்கர் கிராணி ஐயா அதை 'விண்டரிங்' என்பார். நாங்கள் இலை உதிர்கிற காலம் என்போம். தைப்பூசத்துக்குக் காவடி கட்டுகிற சமயத்தில் ஆரம்பிக்கும். மழை குறைந்து காற்று காய்ந்துபோகும். பால்மரத்து இலையெல்லாம் செம்பு நிறமாகிக் கொட்டும். மற்ற மாதங்களில் காட்டுக்குள் பத்து மணிக்குக்கூட விளக்கு வேண்டும் போல இருக்கும். இந்த மாதத்தில் வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கும். நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். அப்புறம் மரம் தன் சத்தையெல்லாம் புதுத் தளிருக்கு அனுப்பும். வெட்டினால் பால் சொட்டுச் சொட்டாக வந்து பாதியிலேயே நின்றுவிடும். பால் வடிகிற மங்குக் கோப்பையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு வட்டம்தான் இருக்கும். தோளில் வைக்கிற காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளி தொங்கும், தோளில் கனமே தெரியாது. கனம் இல்லை என்றால் காசும் இல்லை. ஸ்டோரில் நிறுத்துப் பார்த்துத்தானே எழுதுவார்கள்.

நீ பிறந்தது 1994 பிப்ரவரி 20, மாசி பிறந்து ஒரு வாரம். காய்ந்த இலைமேல் லாரி ஏறி வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, அந்த லாரியில்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வருஷா வருஷம் உன் பிறந்தநாள் வரும்போதெல்லாம் மரம் மொட்டையாக நிற்கும், கடைக்கணக்கு ஏறியிருக்கும். கேசரி கிண்டி, ஒரு கவுன் வாங்கி, கோயிலில் அர்ச்சனை செய்தோம். அதுவே அந்த மாதத்துக்குப் பெரிய செலவு.

குவாலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்குமே, அதன் கீழே உன்னை நிற்கவைத்துப் படம் எடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? 1877இல் நட்ட ஒன்பது கன்றில் மிஞ்சினது அது. பிரேசிலிலிருந்து எடுத்துவந்த விதையை 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் முளைக்கவைத்து, அந்த வழியாகத்தான் இந்தப் பக்கம் கன்று வந்ததாம். "நம்ம பொழப்பே வெள்ளைக்காரன் ஊர்க் குளிரைத் தாண்டி வந்ததுதான். இவ இப்போ அங்கேயே போயிட்டா," என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார், வேறு யாரும் சிரிக்கமாட்டோம்.

சரி, உன் ஆறாவது பிறந்தநாளுக்கு வருகிறேன். அது மட்டும் சின்னது இல்லை. நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

2000ஆம் வருஷம். ரப்பர் விலையும் விழுந்து கிடந்தது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் ஏதோ வெள்ளைக்காரப் படத்தில் பனி கொட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, "எனக்குப் பிறந்தநாளுக்கு ஸ்னோ வேணும், சுவெட்டர் வேணும்" என்று உட்கார்ந்துவிட்டாய். வெளியே 33 டிகிரி வெயில். நான் ஒரு சத்தம் போட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து வெட்டு முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல் பழைய மர நிரையில் திரிய ஆரம்பித்தார். மரத்து வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பார், ரிப்பன் மாதிரி, அந்த ஒட்டுப்பாலை உரித்து உரித்துச் சாக்கில் சேர்த்தார். அதன் நாற்றம் உனக்குத் தெரியாது. சாக்கை வாசலுக்குள் விடமாட்டேன், அவரையும்தான். மூன்று வாரம் சேர்த்து எடைக்குப் போட்டார்.

அந்தக் காசை எடுத்துக்கொண்டு பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போனோம். வெளிநாட்டுப் பழைய பண்டல் துணி விற்பவன் தார்ப்பாயில் மலையாகக் கொட்டி வைத்திருப்பான். எந்த நாட்டுக் குளிருக்கோ தைத்த துணி, இங்கே வந்து வியர்த்துக் கிடக்கும். முழங்கைவரை கையை விட்டுத் துழாவி, அடியிலிருந்து இழுத்தேன் ஒரு சிவப்புக் கம்பளிச் சுவெட்டர். மார்பில் வெள்ளை நூலில் ஒரு மான். ஐந்து வெள்ளி விலை சொன்னான், மூன்றுக்கு வாங்கினேன்.

 கேக் சுட வீட்டில் ஓவன் கிடையாது.  கடையில் ஐந்து முட்டை கணக்கில் வாங்கினேன். முட்டையை உடைத்து ஊற்றி எந்தக் கோப்பையில் அளந்தேனோ அதே கோப்பைக்குச் சீனி, அதே கோப்பைக்குக் கோதுமை மாவு. முட்டையையும் சீனியையும் கம்பிச் சுருளால் அடித்தேன். கை மாற்றிக் கை மாற்றி முக்கால் மணி நேரம். முதலில் மஞ்சள், அப்புறம் வெளிர் மஞ்சள், கடைசியில் கம்பியைத் தூக்கினால் ரிப்பனாக விழுந்து கொஞ்ச நேரம் கோடு கலையாமல் நிற்க வேண்டும். மாவைச் சலித்துச் சலித்துத் தூவி மெதுவாகப் புரட்டணும், அழுத்திக் கிண்டினால் அடித்த காற்றெல்லாம் போய்விடும். பிறகு ஒரு மடக்கு ஐஸ்கிரீம் சோடா. இட்லிப் பானையில் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் உள்ளே வைத்தேன். மூடியை அப்பாவின் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினேன். கட்டாவிட்டால் மூடியில் கோக்கிற தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கேக் முகமெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும்.

வெந்து வந்தபோது நடுவில் பூப்போல வெடித்திருந்தது. பனிக்கு என்ன செய்வது? வெள்ளைத் தேங்காய்ப் பூவாகத் துருவி, ஒரு சிட்டிகை உப்பும் வாசனைக்குப் பண்டான் இலையும் போட்டு ஆவி காட்டி, ஆறவைத்துக் கேக்கின் தலையில் அள்ளிக் கொட்டினேன். நீ சுவெட்டரைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்றாய். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்தார்கள். பனியை ஒரு பிடி எடுத்துத் தம்பி தலையில் தூவினாய். அரை மணி நேரத்தில் தலையெல்லாம் எறும்பு, அவன் ஒரே அழுகை. நீ வேர்த்து ஊற்றினாலும் சுவெட்டரைக் கழற்றவே இல்லை. இரவு முதுகு முழுக்க வேர்க்குரு. பவுடர் போட்டுக்கொண்டே திட்டினேன்.

அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு பால்மரம்கூட இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. செம்பனைக்கு இலையுதிர் காலமும் கிடையாது, வருஷம் பூராவும் ஒரே பச்சை. போன மாதம் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். லயம் இருந்த இடம் எது என்று என்னாலேயே அடையாளம் சொல்ல முடியவில்லை.

சரி, இந்த வருஷம் சின்னவள்தான் உனக்குப் பிறந்தநாள் செய்யப்போகிறாளாம். போனில் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள், நீ தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. கேக் அவளோடு சேர்ந்து நீயே செய். மேலே எழுதினதுதான் அளவு. உங்கள் ஊரில் ஒன்று மட்டும் பார்த்துக்கொள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டை அடித்தால் பொங்காது. பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு உடை. தேங்காய் கிடைக்காவிட்டால் காய்ந்த துருவலையே வாங்கி ஆவி காட்டினால் போதும், உயிர் வந்துவிடும். இட்லி மாவு பொங்கவில்லை என்று புலம்பினாயே, அதை ஓவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் போட்டுவிடு, அடுப்பை மூட்டிவிடாதே. குடிக்க இஞ்சி தட்டிப் போட்ட தேநீர்.

முறுக்கு ஒரு டின் அனுப்பியிருக்கிறேன். நெய் உருண்டையும் பிடித்து வைத்திருந்தேன். அஞ்சலகத்தில் கவுண்டர் பெண், பால், இறைச்சி சம்பந்தப்பட்டதைப் பிரிட்டனில் உள்ளே விடமாட்டார்கள் ஆன்ட்டி, எதற்கு வம்பு என்றாள். எடுத்துவிட்டேன். அப்பா இரண்டு நாளில் காலி செய்துவிட்டார், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அன்றைக்குப் புடவை கட்டப்போகிறேன் என்றாயே, கட்டு. அந்த அரக்குப் பட்டு உனக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் வீம்புக்குக் குளிரில் நடுங்காதே. உடம்போடு ஒட்டினது ஒன்று, அதன்மேல் கம்பளி, வெளியே போகும்போது காற்று புகாத கோட்டு, இந்த மூன்றும் இருந்தால் போதும். புடவைக்குள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று யார் பார்க்கப்போகிறார்கள்? நானும் விடியற்காலை அப்படித்தான் போனேன். உள்ளே பனியன், மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, காலுக்குக் காலுறை. பருத்தி பனியில் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு விறைக்கும். அதனால் உள்ளே பருத்தி வேண்டாம், உனக்கும் சின்னவளுக்கும்.

பார்சலில் முறுக்கு டின்னுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அந்தச் சுவெட்டர்தான். இத்தனை வருஷம் தகரப் பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தேன். இரண்டு நாள் காற்றாட விட்டும் வாசனை முழுக்கப் போகவில்லை, நீயும் ஒரு நாள் கொடியில் போடு. சின்னவளுக்கும் இப்போது ஆறு வயது, அளவு சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். வெந்நீரில் துவைத்துவிடாதே, சுருங்கிவிடும். இடது முழங்கையில் பூச்சி அரித்து ஒரு ஓட்டை. சிவப்பு நூல் ஊர் முழுக்கத் தேடிக் கிடைக்காமல் பச்சையில் தைத்திருக்கிறேன். அசிங்கமாக இருந்தால் மானுக்குப் புல் என்று அவளிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா