ஏப்ரலுக்குள் மைதானத்துக்குத் தண்ணீர் வேண்டி மூன்றாவது மனு

அனுப்புநர்:
செயலாளர்,
ஊர் கால்பந்து (ஆஸ்திரேலிய விதி) – நெட்பால் கிளப்,
மாலி வட்டாரம், விக்டோரியா, ஆஸ்திரேலியா.

பெறுநர்:
மைதானங்கள் பிரிவு அதிகாரி அவர்கள்,
ஷயர் கவுன்சில் (வட்டார உள்ளாட்சி மன்றம்).

பொருள்: ஊர் மைதானத்தின் பழுதான பம்பைச் சரிசெய்து, சீசனுக்கு முன் தண்ணீர் விடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நவம்பரில் மனு கொடுத்தோம். ஜனவரியில் நினைவூட்டுக் கடிதம் கொடுத்தோம். இரண்டுக்கும் பதில் இல்லாததால் இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியாததல்ல. கோதுமை சேமிக்கும் சைலோவைத் தாண்டியதும் இடப்பக்கம் போர் நினைவு வளைவு, அதற்குள் மைதானம்.

1. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு நிலம் பிரித்துக் கொடுத்த ஊர் இது. மாலி என்னும் குட்டை யூகலிப்டஸ் புதர்களைக் கனத்த உருளையால் சாய்த்தார்கள். மண்ணுக்குள் கிடந்த அடிக்கட்டைகள் கொழுவை முறித்தன. கட்டையில் இடித்தால் தானே எழும்பித் தாண்டும் கலப்பை தெற்கு ஆஸ்திரேலியாவில் 1876இல் வந்திருந்ததால்தான் இந்த மண்ணை உழவே முடிந்தது. மழை குறைவு, கடன் அதிகம். பலர் நிலத்தை விட்டுப் போனார்கள். தங்கியவர்கள் சனிக்கிழமைகளில் கூடிய இடம் இந்த மைதானம். வளைவில் இருக்கும் குடும்பப் பெயர்களில் சில இன்றும் எங்கள் ஜூனியர் அணிப் பட்டியலில் இருக்கின்றன.

2. பயணிகள் ரயில் நின்றது, வங்கி போனது, பள்ளியும் மூடியாயிற்று. மிச்சம் இருப்பது கிளப்.

3. இனி தண்ணீர் விஷயம். முன்பு திறந்த வாய்க்காலில் வரும் தண்ணீர் மைதானத்துக்குப் பின்னால் உள்ள குட்டையை நிரப்பும். பெரும்பகுதி ஆவியாகியும் மண்ணில் ஊறியும் வீணாகிறது என்று, பெரும் வறட்சிக்குப் பிறகு, 2010இல் விம்மேரா–மாலி குழாய்த் திட்டத்தை முடித்தார்கள். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வாய்க்கால் போனதால் குட்டையும் காய்ந்தது. இப்போது குழாய் இணைப்பும் தொட்டியும் பம்பும்தான் எங்களுக்குக் கதி. அந்த பம்ப் சென்ற அக்டோபரில் எரிந்துபோனது. அது கவுன்சில் சொத்து. நாங்களே பணம் போட்டு மாற்றுகிறோம் என்றதற்கு, கை வைக்கக் கூடாது என்றார்கள். சரி, நீங்களாவது மாற்றுங்கள் என்றோம். அதற்கும் ஆள் வரவில்லை.

கோடை முழுக்கத் தண்ணீர் இல்லை. புல் கருகிவிட்டது. சென்டர் சர்க்கிளில் என் உள்ளங்கை போகும் அளவுக்கு வெடிப்பு. புல் போன இடத்திலெல்லாம் நெருஞ்சி படர்ந்து, காய்த்து, முள்ளை உதிர்த்திருக்கிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதலில் வரிசையாகக் குனிந்து, ஐஸ்கிரீம் டப்பாக்களில் முள் பொறுக்குகிறார்கள். போன வியாழக்கிழமை பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி பந்தைப் பிடிக்கப் பாய்ந்து முழங்கால் குத்த விழுந்தாள். கேன்டீன் மேசையில் உட்கார வைத்து, இடுக்கியால் ஒன்பது முள் எடுத்தேன். அவள் அழவில்லை. "அடுத்த வாரம் பயிற்சி உண்டா?" என்று மட்டும் கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது, அம்மா?

விவசாயிகள் தங்கள் தண்ணீர் வண்டிகளைக் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய முட்டை வடிவ மைதானத்தில் அது எந்த மூலைக்குக் காணும்? சாயங்காலம் ஊற்றியது காலையில் தடம் தெரியாமல் போகிறது.

4. தொலைபேசியில் கேட்டால் "புது நிதியாண்டில் பார்க்கலாம்" என்கிறார்கள். புது நிதியாண்டு ஜூலையில் பிறக்கிறது. எங்கள் சீசன் ஏப்ரலில் தொடங்குகிறது. ஜூலையில் பம்ப் வந்து யாருக்கு என்ன பயன்? புல் வேர் பிடிக்க வேண்டிய மாதம் இதுதான். தரை இறுகியிருக்கிறது என்று போட்டிகளை நடத்தும் லீக் சொல்லிவிட்டால் உள்ளூர் ஆட்டங்கள் எல்லாம் வேறு ஊருக்குப் போகும். கேன்டீன் வரும்படி நிற்கும். நெட்பால் பிள்ளைகளும் அதே நாளில் அதே ஊருக்குப் போக வேண்டும். அப்புறம் அடுத்த ஊர் கிளப்போடு இணையுங்கள் என்பார்கள். இந்த வட்டாரத்தில் இரண்டு மூன்று ஊர்ப் பெயர்களைக் கோடு போட்டுச் சேர்த்த கிளப்புகள் எத்தனை என்று தங்களுக்கே தெரியும். மாலி கால்பந்து லீகே 2015 சீசனோடு கலைந்தது. நாங்கள் புது கட்டடம் கேட்கவில்லை, ராட்சத விளக்கு கேட்கவில்லை. ஒரு பம்ப் கேட்கிறோம். ஒரே ஒரு பம்ப்!

5. கோபத்தில் எழுதியதாக நினைத்தால் மன்னிக்கவும். மைதானத்துக்கு ஒருமுறை நேரில் வாருங்கள். வியாழன் மாலை ஐந்து மணிக்கு வந்தால் பிள்ளைகள் முள் பொறுக்குவதைப் பார்க்கலாம். மார்ச் முதல் வாரத்துக்குள் பம்பை மாற்றித் தரும்படி, மாற்ற முடியாவிட்டால் எங்கள் செலவில் மாற்ற எழுத்துப்பூர்வ அனுமதியாவது தரும்படி, தங்களை மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம். எதுவானாலும் இந்த முறை பதில் எழுதுங்கள், அம்மா.

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், மைதானத்தின் புகைப்படங்கள், ஊர் மக்கள் கையொப்பங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளப் செயலாளர்