பொன்னாடை இருக்கட்டும், சம்பளம் பேசுங்கள்

எங்கள் ஊர்க் கோயில் பரிபாலன சபையாருக்கு,

வணக்கம். இவ்வருடத் திருவிழாவுக்கான கூட்டத்தில் யாழ்ப்பாணத்து இசைக்குழுவுக்கு முற்பணம் கட்டத் தீர்மானித்ததாக அறிந்தேன். நல்லது. அதே கூட்டத்தில், "கூத்து பழக்கிற அண்ணாவியாற்ற பேரனையும் கூப்பிடுவம், ஊர்ப் பெடியன்தானே, காசு கேக்கமாட்டான்" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலையாட்டினார்களாம். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்த மடல்.

போன வருடம் இதே பெடியன் மேடையேறி, தாளத்துக்குப் பேச்சாய்ப் பாடும் ராப் பாடியபோது இரண்டாம் பாட்டோடு மைக்கை நிறுத்தினீர்கள். "கோயிலடியில இதென்ன கத்தல்" என்றீர்கள். பிறகு அவன் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தில் நின்று போனில் எடுத்த பாட்டு டொரன்டோ, லண்டன் எல்லாம் சுற்றி உங்கள் பிள்ளைகளின் போனுக்கே வந்து சேர்ந்தது. இப்போது அது கத்தல் இல்லை.

அவன் வீட்டுக்கு நான் அடிக்கடி போகிறவன். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு. பின்னறையில்தான் ஒலிப்பதிவு. யன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, வேர்த்து விறுவிறுக்கப் பாடுவான். எதிரொலி வராமல் சுவரெல்லாம் துணி தொங்கும். கிட்டப் போய்ப் பார்த்தேன், அத்தனையும் அவன் அப்பப்பா அண்ணாவியாரின் பொன்னாடைகள். மீள்குடியேறிய பிறகு காத்தவராயன் கதையை ஆடும் காத்தான் கூத்துக்காக நீங்களும் அயலூர்ச் சபைகளும் போர்த்தியவை. 2009க்கு முந்தியவை உடுக்கோடு சேர்ந்து புதுக்குடியிருப்பிலேயே போயிற்று. எண்ணினேன், 27. "சரிகை சரசரக்கும் அண்ணை, அதால உள்பக்கமாத் திருப்பி விட்டிருக்கிறன்" என்றான்.

கிழவர் சாய்மனைக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். சின்ன வயதில் அந்தக் கூத்தில் பாலகாத்தான் வேடத்தில் ஆடத் தொடங்கிய மனுசன். ஒருநாள் பேரன் ஒரு வரியைத் தாளத்துக்குள் அடக்க முடியாமல் பத்துத் தரம் தடுமாறினான். கிழவர் தண்ணிச் செம்பில் விரலால் தட்டி, "கடைசிச் சொல்லை இழுக்காதை, அடுத்த அடியின்ர தலையில விழுத்து" என்றார். விழுத்தினான். சரியாக வந்தது. பெடியனின் தகப்பன் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர், மாமி பண்ணிசை சொல்லிக்கொடுப்பவர். இந்த வீட்டுக்கு ராப் எப்படி அந்நியமாகும்?

அந்நியம் என்றே வையுங்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில், பள்ளிக்கூட உடுப்புக்குக் காசு சேர்க்க ஒரு தங்கச்சி வைத்த விருந்தில் தமையன் டி.ஜே. கூல் ஹேர்க் இசைத்தட்டுச் சுழற்றியதைத்தான் ராப்பின் தாய்வீடான ஹிப்ஹொப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். காசில்லாத வீட்டுக் கதை, எங்களுக்கு விளங்காததா? கூத்துக்கு வைக்கும் ஆர்மோனியமும் பிரான்சில் பிறந்த பெட்டிதான். 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடைசெய்து 1971இல்தான் தடையைத் தளர்த்தியது. அந்தப் பெட்டி இல்லாமல் இன்று காத்தானை மேடையேற்றுவீர்களா?

கொழும்பில் ஒரு கம்பனி பாட்டு உரிமையை எழுதித் தரச் சொன்னது. மாட்டேன் என்றுவிட்டான். ஆகவே எழுத்து, தாளம், படப்பிடிப்பு எல்லாம் அவன் தலையில். பகலில் மேசன் வேலை. "யூடியூப்பில அள்ளுறானாம்" என்கிறவர்கள் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். முழுநீள வீடியோவுக்கு விளம்பரப் பங்கு கேட்பதற்கே 1000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். மூன்று நிமிடப் பாட்டென்றால் 80,000 தரம் முழுதாகப் பார்க்கவேண்டும். அதைத் தாண்டிவிட்டான், உண்மை. வந்த காசு கமரா வாடகைக்கே காணாது.

நான் கேட்பது இதுதான். கூத்துக்கு முந்திய அரை மணித்தியாலத்தை அவனுக்குக் கொடுங்கள். இசைக்குழுப் பாடகர் ஒருவருக்குக் கொடுக்கும் அதே தொகையைப் பேசுங்கள், பாதியை முற்பணமாகவே கட்டுங்கள். இலவசமாகப் பாடினால் சேவை என்று கிழவரிடம் சொல்லிச் சொல்லியே நாற்பது வருடம் ஓட்டிவிட்டோம். நானும்தான் சொன்னேன், அப்போது சபையில் இருந்தேன். மைக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அதற்குமேல் பொன்னாடையும் போர்த்த விருப்பமென்றால் போர்த்துங்கள். யன்னல் பக்கம் இன்னும் ஒன்றுக்கு இடம் இருக்கிறது, சரிகை குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
பழைய சபை உறுப்பினன், இன்றைய உபயகாரன்