லீவுக்கு ஒரு நல்ல படம் கேட்டியே

அடியேய், எப்படி இருக்க?

உன் மெசேஜ் அன்னிக்கே பார்த்துட்டேன், ஆனா ரெண்டு வரியில பதில் போட்டு முடிக்கிற விஷயமா அது, அதான் இன்னிக்கு மதியம் எல்லாரும் தூங்கினப்புறம் உக்காந்து பெருசாவே எழுதுறேன். முதல்ல வீட்டு நியூஸ். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, வாக்கர் பிடிச்சுக்கிட்டு ஹால் வரைக்கும் வர்றாங்க, பிசியோ சொல்லித்தர வர்ற பொண்ணுகிட்ட தினமும் உன் பேச்சுதான், அவ வந்தா நான் இந்த கம்பியை தூக்கி போட்டுட்டு நடப்பேன்னு. அண்ணன் பசங்க ரெண்டும் லீவுக்கு இங்கதான் இருக்குங்க. உனக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துச்சா இல்லையான்னு நீ சொல்லவே இல்ல பாரு.

சரி விஷயத்துக்கு வர்றேன். பையன் லீவு விட்டதுல இருந்து போனை கீழ வைக்க மாட்டேங்கிறான், பசங்க சேர்ந்து திருடனை பிடிக்கிற மாதிரி ஒரு நல்ல படம் இருந்தா சொல்லுடின்னு கேட்டிருந்த. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கல. 'எமிலும் துப்பறிவாளர்களும்', 1931-ல வந்த ஜெர்மன் படம், கறுப்பு வெள்ளை, ஒண்ணேகால் மணி நேரம்தான். ஐயோ கறுப்பு வெள்ளையா, அவன் பார்க்கவே மாட்டான்னு நீ சொல்லுவ, எனக்கு தெரியும். இங்க அண்ணன் பசங்களும் முதல் அஞ்சு நிமிஷம் முகத்தை சுளிச்சுக்கிட்டுதான் இருந்துச்சுங்க, ரயில் சீன் வந்ததும் சின்னது என் மடியில ஏறி உக்காந்துக்கிச்சு, அப்புறம் சப்டைட்டிலை நான் தமிழ்ல சொல்ல ஒரு வரி லேட்டானா கூட "அத்தை என்ன சொன்னான், என்ன சொன்னான்"னு ஒரே பிடுங்கல்.

கதை ரொம்ப சின்னது. எமில்னு ஒரு பையன், நாய்ஷ்டாட்னு ஒரு சின்ன ஊர்ல அம்மாவோட இருக்கான், அப்பா இல்ல, அம்மா வீட்டுலயே பொம்பளைங்களுக்கு முடி அலசி அலங்காரம் பண்ணி சம்பாதிக்கிறாங்க. லீவுக்கு பெர்லின்ல இருக்கிற பாட்டி வீட்டுக்கு அவனை ரயில்ல தனியா அனுப்புறாங்க. இது ஒரு நாவல்ல இருந்து எடுத்த படம், அந்த புத்தகத்துல அவன் கையில குடுக்கிறது 140 மார்க், அதாவது ஜெர்மன் காசு, அதுல 120 பாட்டிக்கு, மிச்சம் இவன் செலவுக்கு. அந்த அம்மா எத்தனை தலை அலசி சேர்த்த காசுன்னு பையனுக்கு தெரியும், அதனால உள் பாக்கெட்டுல வச்சு கோட்டு துணியோட சேர்த்து ஒரு குண்டூசியால குத்தி வச்சுக்குறான். இந்த குண்டூசியை ஞாபகம் வச்சுக்கோ.

ரயில்ல எதிர்ல ஒரு ஆளு, தலையில வட்டத் தொப்பி, பேரு க்ரூண்டைஸ்னு சொல்லிக்கிறான். சின்னப் பையன்தானேன்னு பெர்லினை பத்தி வாய்க்கு வந்தபடி அளந்து விடுறான், அங்க கட்டடம் எல்லாம் அவ்வளவு உயரம், காத்துல பறந்துடாம இருக்க கூரையை வானத்தோட சேர்த்து கட்டி வச்சிருக்காங்க, கையில காசு இல்லைன்னா பேங்குக்கு போய் மூளையை அடகு வச்சு பணம் வாங்கிக்கலாம்னு. அப்புறம் ஒரு மிட்டாய் குடுக்குறான். அதுல மயக்க மருந்து. அதுக்கப்புறம் வர்ற அந்த கனவு சீன் இருக்கே, ரயில் பெட்டி நீண்டு வளைஞ்சு எல்லாம் தலைகீழா ஆகுது, எந்த கம்ப்யூட்டரும் இல்லாத காலத்துல அதை எடுத்திருக்காங்க, இன்னிக்கு பார்த்தாலும் வயித்துல ஏதோ பண்ணுது. புத்தகத்துல மிட்டாய்ல மருந்து எல்லாம் கிடையாது, பையன் சும்மா அசந்து தூங்கிடுவான், கெட்ட கனவு வரும், அவ்வளவுதான். படத்துக்காக மாத்தினது, எனக்கு படத்துல இருக்கிறதுதான் பிடிச்சிருக்கு, ஏன்னா முன்ன பின்ன தெரியாதவங்க குடுத்தா வாங்காதன்னு நாம ஆயிரம் தடவை சொல்லி ஏறாதது அந்த சீன்ல ஏறிடுது. அந்த வேஷத்துல ஃப்ரிட்ஸ் ராஸ்ப்னு ஒரு நடிகர், 'மெட்ரோபோலிஸ்'னு ஒரு பழைய ஜெர்மன் படத்துலயும் ஒல்லியா பயமா ஒரு ஆளா வருவாரே, அவரேதான். அவர் சிரிச்சாலே சின்னது கண்ணை மூடிக்கிச்சு.

முழிச்சா காசு இல்ல. பாட்டியும் அம்மாவோட சகோதரி மகள் போனியும் வேற ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு நிக்க, இவன் தொப்பிக்காரனை பார்த்துட்டு அவன் பின்னாடியே ஜூ ஸ்டேஷன்ல இறங்கிடுறான். ஏன் போலீஸ்கிட்ட போகலன்னு கேப்ப. அங்கதான் கதை எழுதினவரோட மனசு தெரியுது. ஊர்ல இருக்கிற சிலைக்கு இவனும் கூட்டாளிங்களும் சேர்ந்து வேஷம் கட்டி போலீஸ்காரரை கிண்டல் பண்ணியிருக்காங்க, அந்த பயம் பையன் நெஞ்சுல உக்காந்திருக்கு, போலீஸ்னாலே தன்னைத்தான் பிடிப்பாங்கன்னு நினைக்கிறான். பசங்க பெரிய ஆபத்துல கூட நம்மகிட்ட வந்து சொல்லாததுக்கு இப்படி ஒரு குட்டி குத்த உணர்ச்சிதான் காரணமா இருக்கும் பல நேரம், டீச்சரா இருக்கிற உனக்கு இதை நான் சொல்லணுமா.

அப்புறம்தான் அந்த பெர்லின் பசங்க. கையில ஹார்னோட குஸ்டாவ்னு ஒருத்தன் வர்றான், என்னடா இங்க நிக்கிறன்னு விசாரிக்கிறான், கதையை கேட்டதும் ஒரு ஊதல், தெருவுல இருக்கிற பசங்க எல்லாம் திரண்டுடுறாங்க. இதுக்கு மேல நடக்கிறதுதான் இந்தப் படத்தை நான் தலையில தூக்கி வச்சு ஆட காரணம். இப்ப வர்ற சிறுவர் படத்துல எல்லாம் பாரு, ஒரு சூப்பர் பையன் இருப்பான், அவன்கிட்ட ஒரு மெஷின் இருக்கும், இல்ல பத்து பேரை ஒத்தையா அடிப்பான், பெரியவங்க எல்லாம் முட்டாளா இருப்பாங்க. இதுல ஒருத்தனுக்கும் ஒரு சக்தியும் கிடையாதுடி. உக்காந்து மீட்டிங் போடுறாங்க, யார்கிட்ட எவ்வளவு சில்லறை இருக்குன்னு கொட்டி எண்ணுறாங்க, யாரு காவல், யாரு தகவல் கொண்டு போறது, யாரு எமில் பாட்டிக்கு சீட்டு கொண்டு போய் குடுக்கிறதுன்னு பிரிச்சுக்கிறாங்க, "எமில்"னு சொன்னாதான் நம்மாளுன்னு ஒரு ரகசிய வார்த்தை வச்சுக்கிறாங்க. ஒரு கல்யாண வீட்டு வேலையை பங்கு போட்டுக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமா நடக்குது.

அதுல டீன்ஸ்டாக்னு ஒரு குட்டிப்பையன். அவன் வீட்டுல போன் இருக்கு, அதனால நீ வீட்டுலயே இருந்து போன் பக்கத்துல உக்காரு, யாரு எங்க இருக்காங்கன்னு எல்லாரும் உனக்குத்தான் சொல்லுவோம்னு சொல்லிடுறாங்க. அவனுக்கும் திருடன் பின்னாடி ஓடணும்னுதான் ஆசை, இருந்தாலும் போய் உக்காந்துடுறான். புத்தகத்துல கடைசியில எல்லாரும் எமிலை கொண்டாடுறப்ப பாட்டி இந்த டீன்ஸ்டாக்கைத்தான் தனியா எடுத்து புகழுவாங்க. ஆசைப்பட்டதை விட்டுட்டு ஒத்துக்கிட்ட இடத்துல இருந்தானே, அதுக்காக. எனக்கு இந்த இடம் படிக்கிறப்ப எல்லாம் தொண்டை அடைக்கும். உன் பையன் கிளாஸ்ல நாடகம் போட்டா திரை இழுக்கிற வேலைதான் கிடைக்குதுன்னு அழுதான்னு சொன்னியே, அவனுக்கு டீன்ஸ்டாக்கை கண்டிப்பா காட்டணும்.

ராத்திரி ஹோட்டல்ல எமில் எடுபிடிப் பையன் யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு திருடன் ரூமுக்குள்ள போய் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற சீன் ஒண்ணு இருக்கு, அதை நான் சொல்லி கெடுக்க மாட்டேன். ஆனா காலையில நடக்கிறதை சொல்லாம இருக்க முடியல. க்ரூண்டைஸ் ஹோட்டலை விட்டு வெளிய வர்றான். பசங்க நிக்கிறாங்க. இவன் நடந்தா அவங்களும் நடக்குறாங்க, நின்னா நிக்கிறாங்க, ஒவ்வொரு தெருவுல இருந்தும் இன்னும் பசங்க வந்து சேர்ந்துக்கிட்டே இருக்காங்க. யாரும் அவனை தொடல, ஒரு கல்லு எறியல. சும்மா பார்த்துக்கிட்டே கூட வர்றாங்க. அவன் நடை வேகமாகுது, முகத்துல வேர்வை, கடைசியில தப்பிக்க பேங்குக்குள்ள நுழைஞ்சு நோட்டை மாத்த பார்க்குறான். அங்க எமில் சொல்றான், அது என் பணம், நோட்டுல குண்டூசி ஓட்டை இருக்கும் பாருங்கன்னு. வெளிச்சத்துல பிடிச்சு பார்த்தா ஓட்டை இருக்கு! எங்க வீட்டுல கைதட்டல் பாரு, அம்மா உள் ரூம்ல இருந்து என்னாச்சு என்னாச்சுன்னு கத்துறாங்க. விசாரிச்சா அந்த ஆளு ஏற்கனவே தேடிட்டு இருந்த பேங்க் கொள்ளைக்காரன், 1000 மார்க் பரிசு. புத்தகத்துல எமில் அந்த பரிசுல அம்மாவுக்கு முடி காய வைக்கிற கரண்ட் மெஷினும் குளிருக்கு ஒரு நல்ல கோட்டும் வாங்கணும்னு சொல்லுவான், தனக்குன்னு எதையும் சட்டுன்னு யோசிக்க வராது அவனுக்கு.

இந்தக் கதையை எழுதினவர் எரிஷ் கேஸ்ட்னர், 1929-ல வந்த நாவல். அவங்க அம்மாவும் நிஜத்துலயே முடி அலங்காரம் பண்ணித்தான் குடும்பத்துக்கு சம்பாதிச்சாங்க, டிரெஸ்டன்ல. அதனாலதான் அந்த 140 மார்க்குக்கு அவ்வளவு கனம். படத்துக்கு திரைக்கதை யாரு தெரியுமா, பில்லி வைல்டர், அப்ப இருபத்தஞ்சு வயசு, பின்னாடி ஹாலிவுட் போய் ஆறு ஆஸ்கார் வாங்கினவர். டைரக்டர் கெர்ஹார்ட் லாம்ப்ரெக்ட், கேமராவை பெர்லின் தெருவுக்கே தூக்கிட்டு போயிட்டார், டிராம், டாக்ஸி, ஓட்டல் வாசல் எல்லாம் அன்னிக்கு இருந்தபடியே இருக்கு. போர்ல குண்டு விழுந்து அந்த ஊர்ல பாதி போச்சு, படத்துல மிச்சம்.

படம் வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள ஹிட்லர் வந்தாச்சு. வைல்டர் யூதர், நாட்டை விட்டே ஓடினார். மியூசிக் போட்ட ஆலன் கிரே, நாவலுக்கு படம் வரைஞ்ச வால்டர் ட்ரியர், எல்லாருமே நாட்டை விட்டு போயிட்டாங்க. 1933 மே 10 பெர்லின்ல ஹிட்லர் ஆளுங்க புத்தகங்களை எரிச்சப்ப கேஸ்ட்னர் கூட்டத்துல நின்னு தன் புத்தகம் எரியறதை பார்த்தார், எமிலை மட்டும் அன்னிக்கு விட்டு வச்சாங்க, அவ்வளவு பேருக்கு பிடிச்ச புத்தகம், பின்னாடி அதையும் தடை பண்ணாங்க.

அந்தப் பசங்க என்ன ஆனாங்கன்னு தேடிப் படிச்சேன் பாரு, அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. எமிலா நடிச்ச ரோல்ஃப் வென்காவுஸ் 1942 ஜனவரியில அயர்லாந்து கரைக்கு பக்கத்துல போர் விமானத்துல செத்துட்டான். ஹார்ன் ஊதின குஸ்டாவா வந்த ஹான்ஸ் ஷாவ்ஃபுஸ் 1941-ல ரஷ்யாவுல. டீன்ஸ்டாக்கா வந்த ஹான்ஸ் லோர், சின்ன வயசுல கேஸ்ட்னருக்கு ரசிகர் கடிதம் எழுதி, அதுல ஆரம்பிச்ச பழக்கத்துல இந்த வேஷமே கிடைச்சு, கடைசி வரைக்கும் அவருக்கு சிநேகிதனா இருந்த பையன், அவனும் 1942-ல ரஷ்யாவுலதான். இருபது வயசு. இவங்க நட்பை வச்சு பின்னாடி தனியா ஒரு படமே வந்திருக்கு. ஒண்ணா சேர்ந்து ஒருத்தனையும் அடிக்காம ஜெயிக்கிற பசங்களா நடிச்சவங்களை, பெரியவங்க யூனிஃபார்ம் மாட்டி அனுப்பி கொன்னுட்டாங்களேடி. எனக்கு ஆத்திரம் தாங்கல. பசங்ககிட்ட இதை சொல்லலாமான்னு ரொம்ப யோசிச்சேன். பெருசுகிட்ட மட்டும் சொன்னேன், பன்னெண்டு வயசு ஆச்சே, கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு மறுபடி அந்த பேங்க் சீன் போடுன்னு கேட்டா.

ஒரு குறை சொல்லிடுறேன். போனி நல்லா சைக்கிள் விடுற, பட்டுன்னு பேசுற பொண்ணு, ஆனா புத்தகத்துல அவளுக்கு கிடைக்கிற வேலை பசங்களுக்கு ரொட்டியும் காபியும் கொண்டு வந்து பரிமாறுறது. அந்தக் காலம் அப்படி, சரி, இருந்தாலும் உறுத்துது. 2001-ல ஜெர்மனியிலயே திரும்ப எடுத்தப்ப போனிதான் கூட்டத்துக்கே தலைவி, அது நியாயமா இருந்துச்சு. டிஸ்னி 1964-ல ஒண்ணு எடுத்தாங்க, கலர் படம்தான், எனக்கு மனசுல ஒட்டல. நீ பழசையே போடு, இங்கிலீஷ் சப்டைட்டிலோட டிவிடி வந்திருக்கு, என்கிட்ட இருக்கிறதை கொரியர் பண்றேன். சப்டைட்டிலை அவனையே படிக்க விடாத முதல் தடவை, நீ பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லு, அப்பதான் முகத்தை பார்ப்பான், எழுத்தை தேட மாட்டான்.

உன் அட்ரஸ் மாறியிருக்கா இல்ல அதே குவார்ட்டர்ஸ்தானா, அதை மட்டும் சீக்கிரம் அனுப்பு. டிரான்ஸ்ஃபர் இந்தப் பக்கம் கிடைச்சா சொல்லு, மாடி போர்ஷன் காலியாதான் இருக்கு, அண்ணன்கிட்ட பேசி வச்சிருக்கேன். அம்மா உன் போன் வரும்னு காத்துக்கிட்டு இருக்காங்க, ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடு, பிசியோ பொண்ணு அன்னிக்கு வராது.

உன்,
பழைய பெஞ்சு கூட்டாளி