பச்சைத் திரை

லிவர்பூல்
ஏப்ரல் 10, 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நீ போட்ட மெசேஜைப் பார்த்தேன். "அந்தக் குதிரை செத்துப்போச்சாம். இன்னுமா இதை உட்கார்ந்து பார்க்கிறீங்க?" என்று ஒரே வரி. பதிலை மூன்று தடவை தட்டி மூன்று தடவையும் அழித்தேன். அப்புறம்தான் பேப்பரை எடுத்தேன். இது டொராண்டோ வந்து சேருவதற்குள் உன் கோபமும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆமாம், கிராண்ட் நேஷனல் குதிரை ரேஸைப் பார்த்தேன். சனிக்கிழமை நாலு மணிக்கு, அப்பாவும் நானும், வழக்கம்போல ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. ஜன்னல் எதற்கென்று உனக்கு ஞாபகம் இருக்கும். டிவியில் குதிரை தாண்டுவதற்கு ஒரு கணம் முன்பே பக்கத்திலிருக்கும் எய்ன்ட்ரீ ரேஸ் மைதானத்தின் இரைச்சல் நம் வீட்டுக்குள் வந்துவிடும். சின்ன வயதில் நீ அதை மந்திரம் என்று நினைத்தாய்.

ஜெயித்தது நிக் ராக்கெட். ஓட்டியது பாட்ரிக் மல்லின்ஸ், பயிற்சி கொடுத்தது அவருடைய அப்பா வில்லி மல்லின்ஸ். குதிரைச் சொந்தக்காரரின் மனைவி 2022-ல் புற்றுநோயில் போய்விட்டாராம். வில்லி எத்தனையோ ரேஸ் ஜெயித்த மனுஷர், மைக் முன்னால் நின்று பேச வராமல் அழுதார். உன் அப்பா கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போனார். அந்த நேரத்தில் நீ சொன்ன குதிரை, செலெப்ர தாலன், எங்கே என்று நாங்கள் தேடவில்லை. அதுதான் உண்மை. 13 வயதுக் குதிரை, கடைசிக் கட்டத்தில் முன்னால் வந்து, அப்படியே தளர்ந்து, எல்லைக்கோட்டைத் தொடாமலே நின்று சாய்ந்துவிட்டது. ஓய்ந்த குதிரையை விடாமல் ஓட்டியதற்காக ஜாக்கிக்குப் பத்து நாள் தடை. மூன்று நாள் கழித்து அது செத்த செய்தி வந்தது. உன் மெசேஜ் வந்த பிறகுதான் எனக்கு அதன் பெயரே மனதில் பதிந்தது.

சரி, நான் ஏன் இதைப் பார்க்க ஆரம்பித்தேன் என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

உன் தாத்தாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது, நன்றாகப் பாடுவார் என்பது மட்டும். சனி, ஞாயிறு ஆனால் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி கிண்டிக்குப் போய்விடுவார். இடுப்பில் சுருட்டிய ரேஸ் புக், காதில் பென்சில். திரும்பி வரும்போது செருப்புச் சத்தத்தை வைத்தே என் அம்மா, உன் ஆயா, கண்டுபிடித்துவிடுவாள். ஜெயித்திருந்தால் படியேறும் சத்தம் கேட்கும், தோற்றிருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார். ஆயாவின் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போய் மூழ்கியே போயின. 1974-ல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது அவள் தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996-ல், அது சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு என்று தீர்ப்பானது. அப்போது தாத்தா இல்லை. இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்.

அந்த வீட்டுப் பெண் நான். கல்யாணமாகி அப்பாவின் ஆஸ்பத்திரி வேலைக்காக 1992-ல் ஊர் ஊராக வீடு தேடி, கடைசியில் வாடகை குறைவு என்று வந்து சேர்ந்தது உலகத்திலேயே பெரிய தடை தாண்டும் பந்தயம் நடக்கிற மைதானத்துக்குப் பக்கத்தில். ஆயாவுக்குக் கடிதம் எழுதியபோது "பூங்கா பக்கத்தில் வீடு" என்று எழுதினேன்.

அடுத்த ஏப்ரலில் நீ வயிற்றில். ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த ரெக்கார்டு ரூமில் ஸ்வீப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பவுண்டு, தொப்பியில் கைவிட்டு ஒரு சீட்டு, வந்த குதிரை உன்னுடையது. இது பந்தயம் கட்டுவதாகாது, இந்த ஊரில் பள்ளிக்கூட டீச்சர்கூட எடுப்பார் என்று சமாதானம் சொன்னார்கள். எனக்கு வந்தது எஷா நெஸ். 1993-ஆம் வருஷ ரேஸ் என்று தேடிப் பார், உனக்கே சிரிப்பு வரும். தொடக்கக் கயிறு ஒரு ஜாக்கியின் கழுத்தில் சிக்கி, நிறுத்தச் சொல்லும் கொடி சரியாக விரியாமல் போய், 39 குதிரைகளில் 30 அது தெரியாமல் ஓடிவிட்டன. ஏழு குதிரைகள் முழுத் தூரமும் ஓடி முடித்தன. முதலில் வந்தது என் எஷா நெஸ்! ரேஸே செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். என் பவுண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். தாத்தா கை ராசி கடல் தாண்டியும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அது வேடிக்கை. நான் இந்த ரேஸோடு ஒட்டிக்கொண்டது 1997-ல். உனக்கு மூன்று வயது, பாதி ஞாபகம் இருக்கலாம். ஏப்ரல் 5, சனிக்கிழமை. ரேஸ் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழுவின் பெயரில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. சுமார் 60,000 பேரை மைதானத்திலிருந்து வெளியேற்றினார்கள். காரை எடுக்கவும் விடவில்லை, பஸ்ஸை எடுக்கவும் விடவில்லை. நம் தெருவில் திருவிழாக் கூட்டம் மாதிரி ஜனம், ஆனால் யாரும் சத்தம் போடவில்லை. கோட்டு, கைப்பை எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டதால் பெண்கள் கையில்லாத சட்டையோடு, ஹை ஹீல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நின்றார்கள். இருட்ட இருட்டக் குளிர் ஏறியது. பக்கத்து வீட்டுக் கிழவி முதலில் கதவைத் திறந்தாள். அப்புறம் எதிர் வீடு. அதுவரை எங்களிடம் ஹலோவைத் தாண்டிப் பேசாதவர்கள்.

நாங்களும் திறந்தோம். அயர்லாந்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, யார்க்‌ஷயர் பையன்கள் இரண்டு பேர். வீட்டில் இருந்தது ஒரு பாத்திரம் தோசை மாவு. பன்னிரண்டு மணி வரைக்கும் ஊற்றினேன். அந்த அம்மா அடுப்புப் பக்கத்தில் நின்று தோசை திருப்பக் கற்றுக்கொண்டாள், தலையில் இறகு வைத்த தொப்பியோடு. கழற்றச் சொன்னால், உள்ளே முடி படிந்து அசிங்கமாக இருக்கும், மாட்டேன் என்றாள். நீ அந்த இறகைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாய். அவள் வீட்டுக்காரர் என்னிடம், உங்கள் ஊரில் குதிரை ரேஸ் உண்டா என்று கேட்டார். கிண்டி, தாத்தா, வளையல், எல்லாவற்றையும் அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். உன் அப்பாவிடம்கூட அதுவரை சொன்னதில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, என் அப்பாவும் அப்படித்தான் என்றார்.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு மறுபடி நடத்தினார்கள், இலவச அனுமதி. அப்பா தோளில் நீ. லார்டு ஜிலீன் கிட்டத்தட்ட ஆரம்பத்திலிருந்தே முன்னால் ஓடி, 25 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. நாலேகால் மைலுக்கும் மேல், 30 தாண்டல். பெஷர்ஸ் புரூக் என்கிற தடை வேலி பக்கத்தில் நின்றோம். 1839-ல் முதல் பெரிய ரேஸில் கேப்டன் பெஷர் என்ற ஜாக்கி விழுந்து ஓடையில் பதுங்கிக் கிடந்த இடம், அதனால் அந்தப் பெயர். டிவியில் அது ஏதோ தோட்டத்து வேலி மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்றால் வேலியில் செருகிய ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளின் பிசின் வாசனை, குளம்புச் சத்தம் முதலில் காலில் தெரியும், அப்புறம்தான் காதில். குதிரை தாண்டி இறங்கும்போது வயிற்றிலிருந்து ஒரு முனகல் வரும், அதை டிவி காட்டாது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாத்தாவை அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது; மன்னிக்கவில்லை, புரிந்தது அவ்வளவுதான்.

நான் சொல்லாமல் விட்ட பாதி இதற்கு அடுத்த வருஷம். 1998, ஒரே சேறு. 37 குதிரைகள் கிளம்பி ஆறுதான் முடித்தன. மூன்று செத்தன. நீ டிவி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாய். விழுந்த குதிரையைச் சுற்றிப் பச்சைத் துணியில் திரை கட்டினார்கள். அதற்குப் பின்னால் என்ன என்று கேட்டாய். குதிரைக்குக் களைப்பு, தூங்குகிறது, யாரும் எழுப்பக் கூடாதென்று மறைக்கிறார்கள் என்றேன். நீ வாயில் விரலை வைத்து 'உஷ்' என்றாய். அதற்கப்புறம் பல வருஷம் திரை கட்டினாலே வீட்டில் யாரும் பேசக் கூடாது.

நிறைய மாற்றியிருக்கிறார்கள் என்று நான் வாதாடலாம். மரக் கட்டைகளை எடுத்துவிட்டு வேலிக்கு உள்ளே வளைகிற பிளாஸ்டிக் வைத்தார்கள், பெஷர்ஸ் புரூக்கில் குதிரை இறங்கும் பக்கத்துப் பள்ளத்தை மேடாக்கினார்கள். 2023-ல் மிருக உரிமைப் போராட்டக்காரர்கள் உள்ளே நுழைந்து, அன்றைக்கே முதல் வேலியில் ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரை செத்த பிறகு, 40 குதிரையை 34 ஆக்கினார்கள், முதல் வேலியைத் தொடக்கக் கோட்டுக்கு அருகே நகர்த்தினார்கள், வேகம் ஏறாமல் இருக்க. இதெல்லாம் உண்மை. செலெப்ர தாலன் செத்ததும் உண்மை. அப்பா இதைச் சொல்லி உன்னிடம் வாதாட வேண்டும் என்கிறார், அவர் தனியாக எழுதட்டும்.

அடுத்த வருஷம் பார்ப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை. ஸ்வீப் சீட்டு எடுக்க மாட்டேன், அது நிச்சயம். ஜன்னலை மூடி வைத்தாலும் சத்தம் வரத்தான் செய்யும். அந்த அயர்லாந்து அம்மா கிறிஸ்துமஸுக்குக் கார்டு அனுப்புவதை நிறுத்தி ஏழு வருஷமாகிறது, இருக்கிறாளோ என்னவோ. இந்தச் சனிக்கிழமை வந்தால் அவள் ஞாபகம்தான் முதலில் வருகிறது, குதிரை அப்புறம்.

முறுக்கு ஒரு பார்சல் தனியாக வருகிறது, உடைந்திருந்தால் என்னைத் திட்டாதே.

கடைசியாக ஒன்று. அந்தத் திரைக்குப் பின்னால் குதிரை தூங்கவில்லை என்று உனக்கு எப்போது தெரிந்தது? நான் சொல்லி இல்லை, அது தெரியும். யார் சொன்னார்கள், எந்த வயதில்? போனில் வேண்டாம், எழுது.

அன்புடன்,
அம்மா